ரோல்ஸ் அக்காவும் ஒரு கரும்பலகையும்: விடய ஆய்வின் வழியே தொழில் முயற்சியாண்மை கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் நாள் வகுப்பில், “இன்று நாம் ஒரு கேஸ் பேசப்போகிறோம்” என்றேன். பின்வரிசைத் தம்பி ஒருவன் மெல்ல எழுந்து, “யார் மேல், சேர்?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. இலங்கையின் மலையகத்தில் கேஸ் என்றால் பொலிஸ் நிலையம், இல்லையென்றால் நீதிமன்றம், அதுவும் இல்லையென்றால் அடுப்போடு பூட்டும் சிலிண்டர். அன்றிலிருந்து ‘விடய ஆய்வு’ (case study) என்ற பாடப்புத்தகச் சொல்லையே பிடித்துக்கொண்டேன்.

ஆனால் அந்தத் தம்பி கேட்டதில் பெரிய பிழை இல்லை. இந்தக் கற்பித்தல் முறை நீதிமன்ற வழக்குகளிலிருந்துதான் பிறந்தது. 1870இல் ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் கிறிஸ்டோபர் லாங்டெல் என்பவர், சட்டத்தை விரிவுரையாகச் சொல்லாமல் உண்மையான வழக்குகளை மாணவர் கையில் கொடுத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினார். 1908இல் தொடங்கிய ஹார்வர்ட் வணிகப் பள்ளிக்கு 1919இல் தலைவராக வந்த வாலஸ் டொன்ஹம் சட்டம் படித்தவர். அதே முறையை வணிகத்துக்குக் கொண்டுவந்தார். 1921இல் அங்கே எழுதப்பட்ட முதல் விடய ஆய்வு ஒரு சப்பாத்துக் கம்பனியைப் பற்றியது. அதே 1921இல்தான் இங்கே தோட்டத் தொழிலாளியைக் கடனால் கட்டிப்போட்டிருந்த ‘துண்டு’ முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. இருந்தாலும் வகுப்பில் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

ஹட்டன் பக்கம், உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் வகுப்பெடுக்கிறேன். பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகள். கீழே சொல்வது முப்பது பேர் கொண்ட வகுப்புக்கு, இரண்டு பாடவேளை, அதாவது எண்பது நிமிடம் என்ற கணக்கில். பாடசாலையில் வணிகக் கல்வி கற்பிப்பவரும், சங்கங்களில் இளைஞர் பயிற்சி நடத்துபவரும் தங்கள் வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலில்: வெற்றிக்கதையை ஓரமாக வையுங்கள்

முயற்சியாண்மை என்றதும் நாம் எடுப்பது வெற்றிக்கதை. தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்தார், தம்பத்தென்ன போன்ற தோட்டங்களை வாங்கினார், தேயிலையைச் சிறு பொதிகளில் அடைத்து மலிவாக விற்றார், பணக்காரரானார். பிள்ளைகள் கேட்பார்கள், குறித்துக்கொள்வார்கள், மறந்துவிடுவார்கள். முடிவு தெரிந்த கதையில் அவர்கள் யோசிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

அதே மலையை விடய ஆய்வாக மாற்றுவது எப்படி என்று பாருங்கள். கடிகாரத்தை 1869இல் நிறுத்துங்கள். கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் துருப்போல ஒரு நோய் வந்திருக்கிறது. மாணவர் புசல்லாவைப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர். கடன் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருக்கிறார் என்பது காதில் விழுந்திருக்கிறது. அது பலன் தருமா என்று யாருக்கும் தெரியாது. லண்டனுக்குப் போன முதல் சரக்கே 1873இல்தான், அதுவும் 23 இறாத்தல். இன்னொரு பக்கம், மலேரியா மருந்துக்காகச் சிங்கோனா மரம் நடலாம் என்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?

இப்போது வகுப்பு மூன்றாக உடையும். கோப்பியிலேயே இருப்போம் என்று சிலர், சிங்கோனா என்று சிலர். தேயிலை என்று சொல்பவர்களிடம், “பின்னால் நடந்தது தெரிந்ததால் சொல்கிறீர்களா, 1869இல் இருந்ததை வைத்துச் சொல்கிறீர்களா?” என்று கேளுங்கள். சிங்கோனாவுக்குப் போனவர்கள் பலர். எல்லோரும் நட்டதால் 1880களில் அதன் விலை விழுந்தது. தப்பான முடிவை எடுத்தவர்களும் முட்டாள்கள் இல்லை என்று பிள்ளைகளுக்கு அப்போது புரியும். அத்துடன் யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: “அந்தத் தோட்டத்தில் வேலை செய்த ஆட்களுக்கு என்ன ஆயிற்று?” மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்து, முற்பணக் கடனோடு வேலை தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்தான் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். லிப்டனின் வெற்றிக்கதையில் அந்தக் கணக்குக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

இரண்டாவது: நடந்து போகும் தூரத்தில் ஒரு விடயத்தைத் தேடுங்கள்

பெரிய கம்பனிகளின் விடய ஆய்வுகளைத் தமிழாக்கிக் கொடுப்பது வீண்வேலை என்பது என் அனுபவம். ‘பங்குதாரர் கூட்டம்’ என்ற சொல்லிலேயே பாதி வகுப்பு தூங்கிவிடும். சந்தியில், லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்), பஸ் தரிப்பிடத்தில் தேடுங்கள். எனக்கு வேண்டியவை நான்கு: ஓர் ஆள், அவர் எடுக்க வேண்டிய ஒரு முடிவு, அதற்கு ஒரு கெடு நாள், உண்மையான கணக்கு. நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வெறும் கதைதான்.

மலையகத்தில் இப்படிப்பட்டவை கொட்டிக் கிடக்கின்றன. டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவம். மலையடிவாரத்து நல்லதண்ணியில் பருவகாலக் கடை போட நினைப்பவர், மிச்ச மாதங்களில் அந்த முதலீட்டை என்ன செய்வார்? நுவரெலியாவில் லீக்ஸ் போட்டவர், விலை சரிந்த நாளில் தம்புள்ளை மொத்தச் சந்தைக்கு லொறி ஏற்றுவதா, தோட்டத்திலேயே உழுதுவிடுவதா? 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டபோது, நவம்பரில் அது தளரும் என்று தெரியாமல், உருளைக்கிழங்கு விதையைக் கையில் வைத்திருந்தவர் என்ன செய்திருக்க வேண்டும்? ஓட்டோவைத் தவணைக்கு எடுக்கும் தம்பியும், எல்லப் பக்கம் சுற்றுலாப் பயணிக்கு அறை வாடகைக்கு விடும் குடும்பமும் வேறு இரண்டு நல்ல விடயங்கள்.

போய்க் கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுங்கள். கொப்பியில் தொகைகளை மட்டும் எழுதுங்கள். மற்றது நினைவில் நிற்கும். “லாபம் எவ்வளவு?” என்று நேரடியாகக் கேட்டால் பதில் வராது, கேட்கவும் கூடாது. “ஒரு மா மூட்டை எத்தனை நாளைக்கு வரும்?” என்று கேளுங்கள். மிச்சத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அனுமதி வாங்குங்கள், அடையாளத்தை மாற்றுங்கள். இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஒருமுறை சந்தியில் கடை வைத்திருந்தவரின் நிலைமையைப் பெயரை மட்டும் மாற்றி எழுதினேன். கடன் கொப்பியில் நிலுவை எவ்வளவு என்பதும் அதில் இருந்தது. அந்தச் சந்தியில் இருந்ததே இரண்டு கடைகள். மறுநாள் மாலைக்குள் அவரிடம் கடன் வாங்கியவர்கள் யார், எவ்வளவு பாக்கி என்பது தோட்டம் முழுவதும் தெரிந்துவிட்டது. அவர் என்னுடன் ஆறு மாதம் பேசவில்லை. இப்போது பெயர், ஊர், பொருள் மூன்றையும் மாற்றுகிறேன். தொகைகளை ஒரே விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ வைக்கிறேன். எழுதியதை உரியவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே பிரதி எடுக்கிறேன்.

மூன்றாவது: எழுதுங்கள், முடிவுக்கு முன் நிறுத்துங்கள்

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நான் அடிக்கடி பயன்படுத்தும் விடயம் இதோ. வகுப்புக்காக மாற்றி அமைத்த தொகைகள் இவை:

*தோட்டத்து லயம் ஒன்றில் வசிக்கும் அக்கா ஒருவர் கொழுந்து பறிப்பதை விட்டு நான்கு ஆண்டுகளாக ரோல்ஸ் செய்து விற்கிறார். கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை. பணம் சில மாதம் வரும், சில மாதம் வராது. மகள் உயர்தரம் படிக்கிறாள், மகன் ஏழாம் வகுப்பு. நாளொன்றுக்கு 60 ரோல்ஸ். ஒன்று 80 ரூபா. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையும் சந்தித் தேநீர்க் கடையும் மாலைக்குள் காசு கொடுத்துவிடும். மா, முட்டை, கிழங்கு, எண்ணெய், எரிவாயு எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 50 ரூபா செலவு. மாதம் 26 நாள் செய்கிறார்.*

*திங்கட்கிழமை நகரத்து பேக்கரி முதலாளி ஒருவர் வந்தார். தினமும் 200 ரோல்ஸ், ஒன்று 65 ரூபா, காலை ஆறரைக்குள் கொடுக்க வேண்டும், மாத முடிவில் ஒரே காசோலை. 200 செய்வதற்கு இரண்டு பேர் உதவிக்கு வேண்டும். பக்கத்து லயத்தில் நாளுக்கு 1,500 ரூபாவுக்கு வருவார்கள். மூட்டைக் கணக்கில் பொருள் வாங்கினால் செலவு 44 ரூபாவாகக் குறையும். ஆனால் மொத்தக் கடைக்காரர் கடன் தருவதில்லை. அக்காவின் கையில் 60,000 ரூபா. சீட்டுப் பணம் ஒரு இலட்சம் நான்கு மாதம் கழித்து விழும். நுண்கடன் நிறுவன அலுவலர் ஒருவர் 150,000 தருவதாகச் சொல்கிறார், வாரத் தவணை. லய அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லாததால் ஈடு வைக்க ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.*

அவ்வளவுதான். அக்கா என்ன செய்தார் என்று எழுதாதீர்கள். ‘விடாமுயற்சி’, ‘தன்னம்பிக்கை’ போன்ற சொற்களும் வேண்டாம். அவை மாணவரை ஒரு பக்கம் சாய்த்துவிடும். தொகைகளை அட்டவணையாகப் போடாதீர்கள். உண்மை வாழ்க்கையில் கணக்கு பேச்சோடு பேச்சாகத்தான் வரும். அதைத் தோண்டி எடுப்பதே பாதி பாடம். தேவையில்லாத தகவல் ஒன்றிரண்டும் இருக்கட்டும். மகன் ஏழாம் வகுப்பு என்பது அப்படி ஒன்று என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு மாணவி, “அவன் இன்னும் ஆறு வருடம் படிக்க வேண்டும் சேர், அக்கா அதுவரைக்கும் கணக்குப் பார்க்க வேண்டாமா?” என்று கேட்ட பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன்.

பின்னால் நடந்ததைத் தனித் தாளில், இரண்டாம் பகுதியாக எழுதி மேசைக்குள் வையுங்கள்.

நான்காவது: கரும்பலகையை முதல் நாளே வரைந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வீட்டுவேலை அதிகம் என்பதை ஒளிக்க மாட்டேன். எண்பது நிமிட வகுப்புக்கு எனக்கு முதல் தடவை நான்கு மணி நேரம் பிடித்தது.

எல்லாக் கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள். இப்போது அக்காவுக்கு நாளுக்கு 1,800 ரூபா நிற்கிறது, மாதம் 46,800. புதிய ஓடரில் 13,000 ரூபா வரும். பொருளுக்கு 10,000, உதவிக்கு 3,000. வருவதும் 13,000, போவதும் 13,000. மூட்டைக் கணக்கில் வாங்கினால் நாளுக்கு 1,200 மிஞ்சும். ஆனால் அப்போதும் முதல் காசோலை கைக்கு வருமுன் 11,800 ரூபா வீதம் 26 நாள், அதாவது 306,800 ரூபா அடுப்பில் போட்டாக வேண்டும். கையிருப்பும் நுண்கடனும் சேர்ந்தாலும் 210,000தான். பழைய 60 ரோல்ஸையும் விடாமல் செய்தால் என்ன ஆகும், அந்த மாலைக் காசு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதையும் போட்டு வையுங்கள். மாணவர் ஒருவர் பிழையான தொகை சொன்னால் அது எங்கே பிழைத்தது என்று உங்களுக்கு உடனே தெரிய வேண்டும். திருத்துவதற்கு அல்ல, அடுத்த கேள்வியை யாரிடம் கேட்பது என்று முடிவெடுக்க.

பிறகு ஒரு தாளில் கரும்பலகையை வரையுங்கள். நான் இடப்பக்கம் ஆட்களையும் அவர்களுக்கு வேண்டியதையும், நடுவில் கணக்கையும், வலப்பக்கம் தெரிவுகளையும் வைக்கிறேன். மேல் மூலையில் வாக்கெடுப்புக்கு ஒரு சிறு பெட்டி. அதை வகுப்பு முடியும்வரை அழிக்கக் கூடாது.

நேரம்: குழுவாகப் பேச 10 நிமிடம், தொடக்கக் கேள்வியும் வாக்கும் 10, கணக்கு 25, தெரிவுகள் 20, இரண்டாம் பகுதி 10, கடைசித் துண்டுச்சீட்டு 5. இது ஒரு நாளும் இப்படியே நடந்ததில்லை. ஆனால் எங்கே பிந்திவிட்டோம் என்று தெரிய ஓர் அளவு வேண்டுமே.

ஐந்தாவது: மேசைகளை நகர்த்துங்கள்

ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி வாங்குகளை லாட வடிவில் போடுங்கள். பின்னால் நிற்பவரைத் திரும்பிப் பார்த்துப் பேசுவது விவாதம் ஆகாது. தாளை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். பிரதி எடுக்கக் காசில்லாவிட்டால் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், குறைவாக இருந்தாலும் வேலை செய்யும். தொடக்கத்தில் நான்கு நான்கு பேராகப் பத்து நிமிடம் பேசவிடுங்கள். முப்பது பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை மூன்று பேர் முன்னால் திறக்கும்.

ஆறாவது: கேளுங்கள், பிறகு வாயை மூடுங்கள்

மொத்த முறையும் இங்கேதான் நிற்கிறது அல்லது விழுகிறது.

தொடக்கக் கேள்வி ஒன்றே ஒன்று: “வெள்ளிக்கிழமை அக்கா என்ன பதில் சொல்ல வேண்டும்?” கை உயர்த்தச் சொல்லி எண்ணிக்கையைப் பெட்டிக்குள் எழுதுங்கள். என் வகுப்புகளில் முதலில் பெரும்பான்மை ‘ஓம்’ பக்கமே போகிறது. 60 எங்கே, 200 எங்கே! பிறகு கை தூக்கிய ஒருவரிடம், “ஏன்?” என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்து வருவது அமைதி. அது உங்களைப் பயமுறுத்தும். நம் பிள்ளைகள் பேசத் தெரியாதவர்கள் இல்லை. பாடசாலையில் சேர் சொல்வதுதான் சரி. தோட்டத்தில் காலைப் பிரட்டில் (வேலைக்கு ஆள் எடுக்கும் அணிவகுப்பில்) பெயர் கூப்பிட்டால் பதில் சொன்னால் போதும். பெரியவர் முன்னால் கருத்துச் சொல்வது வாய்க்கொழுப்பு என்று வளர்ந்தவர்கள், நீங்கள் ஒரு கேள்வி கேட்டவுடன் மாறிவிட மாட்டார்கள். மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். நான் பிளேன்டீ கோப்பையை எடுத்து மெதுவாகக் குடிப்பேன்; கோப்பை வாயில் இருந்தால் பேச முடியாது. பன்னிரண்டு, பதின்மூன்றுக்குள் யாராவது ஒருவர் தாங்க முடியாமல் பேசிவிடுவார்.

பேசியவரைப் பாராட்டாதீர்கள். “சரியாகச் சொன்னாய்” என்றால் மற்ற இருபத்தொன்பது பேரும் பேனாவை எடுத்துவிடுவார்கள். சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே பலகையில் எழுதிவிட்டு, “இதை மறுத்துப் பேச யார்?” என்று கேளுங்கள். கணக்குக்கு வரும்போது மட்டும் விடாப்பிடியாக இருங்கள். ‘நல்ல லாபம்’ என்றால், “எத்தனை ரூபா?” என்று கேளுங்கள். “முதல் காசோலை வரும்வரை அடுப்பு எரிவது யார் காசில்?” என்பது என் கையிருப்பில் உள்ள கூர்மையான கேள்வி. ஆனால் அதை முப்பதாவது நிமிடத்துக்கு முன் எடுப்பதில்லை. அதற்குள் பாதித் தடவை மாணவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

போன ஆண்டு நடந்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். பலகையின் நடுவில் 13,000 வரவு, 13,000 செலவு என்று நிற்கிறது. வகுப்பு சோர்ந்துவிட்டது. ஒரு தம்பி உற்சாகமாக எழுந்தான். “சேர், இரண்டு பேருக்கு ஏன் 3,000 கொடுக்க வேண்டும்? மகள் உயர்தரம்தானே, அவள் உதவட்டும். ஒரு ஆளை வைத்தால் போதும். 1,500 மிச்சம்!” பலர் தலையாட்டினார்கள். அருமையான யோசனை என்று எனக்கும் வாய்வரை வந்தது. கோப்பையை எடுத்தேன்.

சன்னலோரம் இருந்த ஒரு பிள்ளை, அன்றுவரை வகுப்பில் ஒரு வார்த்தை பேசாதவள், எழுந்திருக்காமலே சொன்னாள்: “ஆறரைக்கு 200 கொடுக்க வேண்டும் என்றால் இரண்டு மணிக்கு எழும்ப வேண்டும்.”

தம்பி திரும்பினான். “அதனால் என்ன?”

“கிழங்கு அவித்து மசிப்பது முதல் நாள் இரவு. ரொட்டி சுடுவது, சுற்றுவது, முட்டையில் தோய்த்துத் தூளில் புரட்டுவது, பொரிப்பது காலையில். அறுபதுக்கே நாங்கள் நாலு மணிக்கு எழும்புகிறோம். பிறகு பஸ்ஸில் தூங்கி, வகுப்பில் தூங்கி…” நிறுத்திவிட்டு, கொஞ்சம் கோபமாக, “அந்த 50 ரூபாயில் மகளின் கூலி எங்கே இருக்கிறது?” என்றாள்.

யாரும் பேசவில்லை. பலகையைப் பார்த்தேன். 60 ரோல்ஸ், 1,800 லாபம் என்று நாங்கள் எழுதியிருந்த அந்தத் தொகைக்குள் யாருடைய கூலியும் இல்லை, அக்காவுடையதும்கூட. நான்கு மணி நேரம் வீட்டில் கணக்குப் போட்ட எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. பிறகு இன்னொரு பையன் சொன்னான்: “அப்படிப் பார்த்தால் அக்கா முழுப்பேர் வேலை செய்து அரைப்பேர் காசு வாங்குகிறார்.” தோட்டத்துச் சம்பளக் கணக்கில் முழுப்பேர் என்றால் முழுநாள் கூலி, அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. அது தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மிச்ச நாற்பது நிமிடமும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே ஓடியது. வீட்டு உழைப்புக்கு விலை போடலாமா? போட்டால் நம் லயங்களில் எந்தச் சிறுதொழில் நிற்கும்? போடாவிட்டால் யார் அந்த நட்டத்தைச் சுமக்கிறார்கள்? என் நேர அட்டவணையில் இதற்கு ஒரு நிமிடமும் ஒதுக்கியிருக்கவில்லை.

நான் அந்தத் தம்பியைப் பாராட்டியிருந்தால் அவள் பேசியிருக்க மாட்டாள்.

சில நடைமுறைச் சிக்கல்கள். ஒரே ஆள் பேசிக்கொண்டிருந்தால், “இதையே பேக்கரி முதலாளியாக இருந்து சொல்” என்று எதிர்ப்பக்க வேடம் கொடுங்கள். பேச்சு பாதியாகக் குறையும், தரம் கூடும். பெண் பிள்ளைகளிடம் ஆட்களைப் பற்றியும் ஆண் பிள்ளைகளிடம் கணக்கையும் கேட்கும் பழக்கம் நம்மை அறியாமலே வரும். பலகையில் யார் சொன்னது எது என்று பார்த்தால் தெரியும். ஒரு பிள்ளை தன் வீட்டு நிலைமையைச் சொல்ல ஆரம்பித்தால் விவரம் கேட்டுத் துருவாதீர்கள். அந்தச் சன்னலோரப் பிள்ளையிடமும் நான் அன்று எதையும் கேட்கவில்லை.

ஏழாவது: இரண்டாம் பகுதியைக் கொடுங்கள்

பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டாம் தாளை வாசியுங்கள். அதில் அக்கா சம்மதித்துவிடுகிறார். முதல் காசோலை ஒழுங்காக வருகிறது. இரண்டாவது மூன்று வாரம் பிந்துகிறது. வாரத் தவணையோ பிந்தாது. அதே மாதம் மாவும் எண்ணெயும் ஏறி, 44 ரூபா மீண்டும் 50 ஆகிறது.

ஆறு ரூபாதானே என்பார்கள். 200ஆல் பெருக்கச் சொல்லுங்கள்: 1,200. நாளாந்த மிச்சம் முழுவதும் போயிற்று. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது மா விலை என்ன ஆனது என்பதை இந்த வீடுகள் மறக்கவில்லை. அதனால் இந்தப் பகுதியை விளக்க வேண்டி வருவதே இல்லை. “ஒப்பந்தத்தில் எந்த ஒரு வரி இருந்திருந்தால் அக்கா தப்பியிருப்பார்?” என்று மட்டும் கேளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை காசு, மா விலை ஏறினால் விலையை மீண்டும் பேசுவது, 200க்குப் பதில் முதல் மாதம் 80 என்று பல வரிகள் வரும். பேரம் பேசுவது என்பது முகம் சுளிப்பது இல்லை, வரி எழுதுவது என்று பிள்ளைகள் உணர்வது இந்த இடத்தில்தான்.

இன்னொரு எச்சரிக்கை: இரண்டாம் பகுதியைச் ‘சரியான விடை’யாக வாசிக்காதீர்கள். அக்கா சம்மதித்தது தவறு என்று அது நிறுவவில்லை. வேறு மாதத்தில் வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

எட்டாவது: முடிக்கும்போது

மீண்டும் கை தூக்கச் சொல்லி, பெட்டியில் பழைய எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். “சேர், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கட்டாயம் கேட்பார்கள். சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த வாரம் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்தே கை தூக்குவார்கள்.

கடைசி ஐந்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் ஒரு துண்டுச்சீட்டில் இரண்டு வரி எழுதட்டும்: எதைக் கேட்டு என் மனம் மாறியது, எந்தத் தொகை இன்னும் புரியவில்லை. புள்ளி போட வேண்டிய கட்டாயம் இருந்தால் இந்தச் சீட்டுக்கும், வீட்டில் எழுதிவரும் ஒரு பக்கத்துக்கும் போடுங்கள். பேச்சுக்குப் போட்டால் வாயாடிகளே முதலிடம் வாங்குவார்கள். பரீட்சைக்கு இது உதவுமா என்று பெற்றோர் கேட்பார்கள். காசோட்டம் (காசு எப்போது வருகிறது, எப்போது போகிறது), அலகுக் கிரயம் (ஒன்றுக்கு ஆகும் செலவு), தொழிற்படு மூலதனம் (தொழிலை நாளாந்தம் ஓட்டத் தேவையான காசு) எல்லாம் இந்த ஒரு வகுப்பிலேயே வந்துபோயின. அடுத்த பாடத்தில் அவற்றின் பாடப்புத்தகப் பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள், போதும்.

மூன்று வகுப்புகள் ஆனதும் மாணவர்களையே ஒரு விடயம் எழுதிவரச் சொல்லுங்கள். விதி அதேதான்: ஓர் ஆள், ஒரு முடிவு, ஒரு கெடு நாள், கணக்கு, முடிவுக்கு முன் நிறுத்த வேண்டும்.

சன்னலோரப் பிள்ளை ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தாள். மா, முட்டை, கிழங்கு, எண்ணெய், எரிவாயு என்று வரிசையாகச் செலவு. அதற்குக் கீழே ‘அம்மாவின் கூலி’, அதற்கும் கீழே ‘என் கூலி’ என்று இரண்டு வரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. கடைசி வரி இப்படி இருந்தது: “கடைக்கார அண்ணன் நாளை காலை வருவார், அம்மா அதற்குள் பதில் சொல்ல வேண்டும்.” அவளுடைய அம்மாவிடம் கேட்டு, ஊரையும் பலகாரத்தையும் மாற்றி, அடுத்த அணிக்கு அதைத்தான் முதல் நாள் கொடுத்தேன்.